மூங்கிலில தூண்டில் தடி செய்யிறது: அடிக்கடி கேக்கிற கேள்வியளும் பதிலும்

யாழ்ப்பாணத்தில பண்ணைப் பாலத்துப் பக்கமோ நாவற்குழிப் பக்கமோ மூங்கில் தடியோட நிண்டால் கிட்ட வந்து பாக்கிற ஆக்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியளைத்தான் கேக்கினம், அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைக்கிறன். இது ரீல் இல்லாத சாதாரண தடி, நுனியில தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) கட்டி கரையில நிண்டு போடுறது. இந்த வேலையில முக்கால்வாசி நல்ல தடியைத் தெரிஞ்செடுக்கிறதும் அதைப் பொறுமையாக் காய விடுறதும்தான், கத்தி பிடிச்சுச் செய்யிற வேலை மிச்சம் கால்வாசி. கனபேர் இதைத் தலைகீழாச் செய்யினம், அண்டைக்கு வெட்டி அண்டைக்கே தங்கூசி கட்டினால் அது தூண்டில் தடி இல்லை, பச்சைக் கம்பு.

கேள்வி: கடையில பைபர் ரொட் கிடக்கேக்க ஏன் மூங்கிலோட மினக்கெடோணும்?

எங்கட கடல்நீரேரியை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ, பல இடத்தில 2 மீற்றர் ஆழங்கூட இல்லை, மீன் மேயிறது கரைக்குக் கிட்ட, சாதாளை எண்ட கடல்ப் புல்லுக்குள்ளயும் பாலத்துக் கல்லுகளுக்கு இடையிலயும். அங்க 60 மீற்றர் தூரம் எறியிற ரொட் என்னத்துக்கு? 12 அடித் தடி ஒண்டு இருந்தால் இரையை சத்தம் போடாமல் நினைச்ச இடத்தில இறக்கலாம், அதுதான் முக்கியம், ஏனெண்டால் ஆழமில்லாத தண்ணியில ஒரு சின்னச் சத்தத்துக்கே மீன் ஓடிடும். அதோட மூங்கில் நார் நீளத்துக்கு ஓடுறதால நல்லா வளைஞ்சு திருப்பி நிமிரும், மீன் இழுக்கிற இழுவையைத் தடியே வாங்கிக்கொள்ளும், மெல்லிசு தங்கூசியும் அறாது. மீன் இரையைத் தொட்டுப் பாக்கிறதுகூட கையில தெரியும். காசு மிச்சம் எண்டது பிறகு வாற காரணம்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில மூங்கில் எங்க எடுக்கிறது, எந்த மூங்கில் நல்லம்?

குடாநாடு சுண்ணாம்புக்கல்லு நிலம், வருசம் முழுக்க ஓடுற ஆறும் இல்லை, அதால மூங்கில் பத்தை பத்தையா வளருற இடம் இல்லை. மலையகத்திலயும் மகாவலிக் கரையிலயும் தாராளமா நிக்குது ஆனால் அங்க கனக்க இருக்கிறது கையளவு மொத்தமான மஞ்சள் மூங்கிலும் அதைவிடப் பெரிசும், அது ஏணிக்கும் பந்தலுக்கும் சரி, தூண்டிலுக்கு ஆகாது. எங்களுக்கு வேண்டியது வேலிக்கும் அழகுக்கும் எண்டு வீடுகளில நடுற மெல்லிசு மூங்கில், நெருக்கமா வளரும், தடி பெருவிரல் மொத்தம்தான் வரும். ஊரில ஆற்றையாவது வளவில நிண்டால் கேட்டு வெட்டுங்கோ, பத்தையை அப்பப்ப ஐதாக்கினால் அதுக்கும் நல்லம். இல்லாட்டி மரம் விக்கிற மரக்காலைகளில விசாரியுங்கோ, அங்க வாற கட்டுக்குள்ள சிலநேரம் மெல்லிசு தடியும் இருக்கும், ஆனால் நுனியை வெட்டிப்போட்டுத்தான் வரும், அதுக்கு என்ன செய்யிறது எண்டு கீழ சொல்லுறன். இன்னொரு நல்ல வழி பட்டம் கட்டுற ஆக்கள். வல்வெட்டித்துறையில தைப்பொங்கலுக்கு பட்டத் திருவிழா நடக்கிறது எல்லாருக்கும் தெரியும்தானே, அந்தப் பக்கம் பட்டம் கட்டுறவை மூங்கிலைத் தட்டிப் பாத்தே தரம் சொல்லுவினம், நல்ல மூங்கில் எங்க கிடைக்குது எண்டும் அவையிட்டத்தான் கேக்கோணும்.

கேள்வி: முத்தின தடி எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இதை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கோ. மூங்கில் புல்லுச் சாதி, மரம் மாதிரி வருசா வருசம் மொத்தம் வைக்காது, குருத்து வெளியில வரேக்க என்ன மொத்தமோ கடைசி வரைக்கும் அதுதான், உயரமும் ஒரு பருவத்துக்குள்ளயே முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு உள்ளுக்க நார் இறுகுறதுக்குத்தான் மூண்டு நாலு வருசம் எடுக்குது. அதால வெளியில பாத்தால் முதல் வருசத் தடியும் நாலாம் வருசத் தடியும் ஒரே அளவாத் தெரியும், ஒண்டு காய்ஞ்சோண்ண சுருங்கி வரி விழும், மற்றது இரும்பு மாதிரி நிக்கும்.

பிஞ்சுத் தடியில கணுவைச் சுத்தி பாளைச் சோகை (குருத்தை மூடியிருந்த காய்ஞ்ச உறை) ஒட்டிக்கொண்டு கிடக்கும், கணுவுக்குக் கீழ வெள்ளை மா பூசினது போல இருக்கும், பச்சை பளிச்செண்டு இருக்கும். முத்தினதில பச்சை மங்கி மஞ்சள் அடிச்சு, சாம்பல் நிறப் பூஞ்சைப் புள்ளியள் படர்ந்து, சோகை எல்லாம் விழுந்து கிடக்கும், கத்தி முதுகால தட்டினால் கணீர் எண்டு சத்தம் வரும், பிஞ்சு பொத்தெண்டு சொல்லும். பத்தையில முத்தினது எப்பவும் நடுவிலதான், வெளிச்சுத்து முழுக்கப் புதுசு, அதால வெளியில நிக்கிறதை லேசா வெட்டலாம் எண்டு வெட்டாதேங்கோ. நாலாம் வருசத்துக்கு மேல போய் ஆறேழு வருசமாகி வெளிறிப்போன தடியும் வேண்டாம், அது முறுகி முறியும்.

கேள்வி: அமாவாசை பாத்து வெட்டோணும் எண்டு பெரியாக்கள் சொல்லுகினம், உண்மையோ?

நிலவை விடப் பருவம்தான் கூட முக்கியம். மூங்கிலை உளுக்க வைக்கிற வண்டு வாறது உள்ளுக்க இருக்கிற மாச்சத்துக்குத்தான், குருத்து விடப்போற காலத்தில அந்தச் சத்து தடிக்குள்ள ஏறி நிக்கும், குருத்து விட்டு வளர்ந்து முடிஞ்ச பிறகு குறையும். எங்கட பக்கம் மழை ஐப்பசி கார்த்திகை மார்கழி, அதால மழை முடிஞ்சு தை மாசி பங்குனியில வெட்டினால் காயவிடவும் வெயில் காலம் முன்னால கிடக்கு, ரெண்டு வகையிலயும் லாபம். பெரியாக்கள் சொன்ன நாளில வெட்டினாலும் ஒரு கேடும் இல்லை, ஆனால் அமாவாசை எண்டு மாரிக்குள்ள போய் வெட்டாதேங்கோ. வெட்டுறது கீழ இருந்து ரெண்டாம் கணுவுக்கு மேல, கணுவோட ஒட்டி, குழியா விட்டால் மழைத்தண்ணி நிண்டு நுளம்பு பெருகும், எங்கட ஊரில டெங்குக்கு அது ஒண்டே காணும்.

கேள்வி: நீளம் மொத்தம் எவ்வளவு?

கரையில நிண்டு போட 11, 12 அடி, அடிப்பக்கம் 22 தொடக்கம் 28 மில்லிமீற்றர், நுனி 4, 5 மில்லிமீற்றர். பாலத்துக்கு மேல இருந்து எண்டால் 9 அடி காணும். 14 அடிக்கு மேல போனால் கை நோகும், காத்தும் இழுக்கும், சோளகக் காலத்தில அதோட நிண்டு பாத்தால் விளங்கும். அடி ஒரே மொத்தமா வந்து நுனியில மட்டும் திடீரெண்டு மெலியிற தடி வேண்டாம், அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே சீரா மெலிஞ்சு போகோணும். வெட்டேக்க ஒரு அடி கூட வைச்சு வெட்டுங்கோ, ரெண்டு நுனியும் காயேக்க வெடிக்கும், பிறகு அறுத்து விடலாம்.

கேள்வி: எப்பிடிக் காய வைக்கிறது, எவ்வளவு நாள்?

நிழலில, காத்துப் படுற இடத்தில. முத்தத்து வெயிலில போட்டால் வெளித்தோல் முதல் சுருங்கி நீளத்துக்குப் பிளந்திடும், எங்கட வெயிலுக்கு ஒரு பின்னேரம் காணும் அந்தத் தடியைக் குப்பையில போட. கொப்பு எல்லாத்தையும் கணுவோட ஒட்டி வெட்டிப்போட்டு, நுனிப் பக்கத்தை மாமரக் கொப்பிலயோ விறாந்தை வளையிலயோ கட்டித் தொங்க விட்டு அடிப்பக்கத்தில ஒரு அரைக்கல்லைக் கட்டிவிடுங்கோ, அந்தப் பாரத்தில சின்னச் சின்ன வளைவு எல்லாம் தன்பாட்டில நிமிரும், பிறகு நெருப்பில வாட்டுற வேலை பாதி குறையும். தொங்கவிட உயரம் இல்லாட்டி நிலத்தில இருந்து ஒரு முழம் உயரத்தில மூண்டு இடத்தில தாங்கு குடுத்துப் படுக்க வைச்சு ரெண்டு நாளைக்கு ஒருக்கா உருட்டி விடோணும்.

பெருவிரல் மொத்தத் தடிக்கு எங்கட வெக்கையில ரெண்டு மாசம், மொத்தமானதுக்கு நாலு மாசம் வரை விடுங்கோ. பச்சை போய் வைக்கோல் நிறம் வரும். நிறத்தை மட்டும் நம்பாமல் கிழமைக்கு ஒருக்கா தராசில நிறுத்து எழுதி வையுங்கோ, நிறை குறையிறது நிண்டால் காய்ஞ்சது எண்டு அர்த்தம், இதை விடச் சரியான வழி வீட்டில இல்லை. ரெண்டு மாசமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது ஒண்டுதான், ஒரு தடி வெட்டாமல் நாலு அஞ்சா வெட்டித் தொங்க விடுங்கோ, எப்பிடியும் ஒண்டு ரெண்டு வெடிக்கும், மிச்சம் சிநேகிதருக்கும் ஆகும்.

கேள்வி: உளுக்காமல், வண்டு அரிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

வெட்டின உடன, காயவிட முதல், தண்ணியில ஊறப்போடுறது பழைய முறை. தொட்டியிலயோ குளத்திலயோ கல்லுப் பாரம் வைச்சு மூண்டு நாலு கிழமை அமத்தி விட்டால் மாச்சத்து கரைஞ்சு வெளியேறும், வண்டுக்கு அங்க தின்ன ஒண்டும் இல்லாமல் போம். தண்ணி நாறும், தொட்டியெண்டால் அடிக்கடி மாத்துங்கோ. கடல்தண்ணியில ஊறவிட்டாலும் சரி, பிறகு நல்லதண்ணியில வடிவா அலசோணும், உப்பு உள்ளுக்க நிண்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். போராக்ஸும் போரிக் அசிட்டும் கரைச்ச தண்ணியில ஊறவிடுறது வீடு கட்டுற மூங்கிலுக்குச் செய்யிறது, அது வடிவா வேலை செய்யும்தான், ஆனால் ஒரு தூண்டில் தடிக்கு அவ்வளவு தேவையில்லை, அதோட சின்னப்பிள்ளையள் இருக்கிற வீட்டில அந்தக் கரைசலைத் திறந்து வைக்கக் கூடாது. காய்ஞ்ச தடியில குண்டூசி அளவு ஓட்டையும் கீழ மா மாதிரித் தூளும் கண்டால் வண்டு வந்திட்டுது, அந்தத் தடியை மற்றதுகளிட்ட இருந்து உடன பிரிச்செடுங்கோ.

கேள்வி: தடி வளைஞ்சு கிடக்கு, நெருப்பில எப்பிடி நிமித்திறது?

முதல் பாதுகாப்பு. மூங்கில் ஒவ்வொரு கணுவுக்கு இடையிலயும் மூடின குழாய், உள்ளுக்க இருக்கிற காத்தும் ஈரமும் சூட்டில விரிஞ்சால் வெடி மாதிரி வெடிக்கும், கண்ணுக்குள்ள சிராய் பாயும். அதால மொத்தமான அடிப்பக்கத்துக்கு நீளக் கம்பி ஒண்டை விட்டு உள்ளுக்க இருக்கிற தடுப்புகளை இடிச்சுத் திறந்து விடுங்கோ, கம்பி போகாத மேல்ப்பக்கத்தில சூடாக்கின சாக்கு ஊசியால ஒவ்வொரு இடைக்கணுவிலயும் ஒரு சின்ன ஓட்டை போதும், கடைசியில அரால்டைட் பசை வைச்சு அடைக்கலாம். கண்ணாடி போடுங்கோ, பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ.

நெருப்புக்கு சிரட்டைக்கரி மாதிரி ஒண்டும் வராது, புகை இல்லை, சுவாலை இல்லை, சூடு ஒரே சீரா வரும். காஸ் அடுப்பும் பரவாயில்லை, ஆனால் சுவாலை தோலைக் கருக்கிப்போடும். தணலுக்கு ஒரு சாண் மேல தடியைப் பிடிச்சு உருட்டிக்கொண்டே இருங்கோ, ஒரு இடத்தில நிப்பாட்டாதேங்கோ. கொஞ்ச நேரத்தில தோல் மினுங்கி எண்ணெய் மாதிரி மெழுகு கசியும், அதைப் பழைய துணியால துடைச்சுத் தடி முழுக்கப் பூசி விடுங்கோ, தடியின்ர சொந்த வார்ணிஷ் அதுதான். மெழுகு கசியேக்க நார் இளகி நிக்கும், அப்ப முழங்காலில வைச்சு ஆறுதலா வளைவுக்கு எதிர்ப்பக்கம் அமத்தோணும், நேராக்கிறதுக்குக் கொஞ்சம் கூடவே அமத்துங்கோ ஏனெண்டால் விட்டோண்ண கொஞ்சம் திரும்பி வரும், அமத்தினபடி ஈரத்துணியால சுத்திக் குளிர விட்டால் அப்பிடியே நிண்டிடும். வளைவு கனக்க இருக்கிறது கணுவிலதான், அடியில இருந்து ஒவ்வொரு கணுவாப் பாத்துக்கொண்டு நுனிக்குப் போங்கோ. ஒரு கண்ணை மூடி நீளத்துக்குப் பாத்தால் எந்தக் கணு பிழை எண்டு தெரியும். ஒரு கோணல் ரெண்டு கோணல் மிச்சம் நிண்டால் நிக்கட்டும், மீனுக்கு அது தெரியாது, ஆனால் கறுப்பா எரிஞ்ச இடம் எப்பவோ ஒரு நாள் கட்டாயம் முறியும்.

கேள்வி: தோலைச் சீவி வடிவாக்கலாமோ?

கூடாது. மூங்கிலின்ர பலம் முழுக்க வெளித்தோலுக்குக் கீழதான் நெருங்கிக் கிடக்கு, உள்ளுக்க போகப் போக பஞ்சு. தோலைச் சீவினால் தடியின்ர முதுகெலும்பை எடுத்த மாதிரி. கணுவில துருத்திக்கொண்டு நிக்கிற கொப்பு மிச்சத்தை மட்டும் கூரான கத்தியால எடுத்து சாண்ட் பேப்பரால லேசாத் தேயுங்கோ, தங்கூசி மாட்டுப்படாமல் இருந்தால் காணும்.

கேள்வி: மரக்காலையில வாங்கின தடிக்கு நுனி இல்லை, என்ன செய்யலாம்?

ரெண்டு வழி. ஒண்டு, முள்ளு மூங்கிலிலயோ மஞ்சள் மூங்கிலிலயோ பக்கத்தில வளருற மெல்லிசுக் கொப்பு, அது கிட்டத்தட்ட உள்ளுக்க பொள்ளல் இல்லாமல் இறுகின கம்பியா இருக்கும், முத்தின கொப்பில 3 அடி எடுத்து காயவிட்டு, தடி முனையில இருக்கிற பொள்ளலுக்குள்ள ஒரு சாண் இறக்கி அரால்டைட் வைச்சு வெளியால நூல் சுத்தி இறுக்குங்கோ. மற்றது, மொத்த மூங்கிலைப் பிளந்து ஒரு வரிச்சு எடுத்து பட்டத்துக்குச் சீவிற மாதிரி சீவி உருட்டி எடுக்கிறது, தோல்ப் பக்கத்தில கத்தி வைக்காமல் உள்ப்பக்கத்தை மட்டும் சீவோணும். முதல் வழி லேசு. ரெண்டாவதில வாற நுனி கூட உணர்ச்சியா இருக்கும், கிளக்கன் மாதிரிச் சின்ன மீன் கொத்திறதுகூட நடுங்கிக் காட்டும்.

கேள்வி: 12 அடித் தடியை பஸ்ஸில கொண்டு போகேலாதே?

நடுவில அறுத்து இணைப்புப் போடலாம். கணுவுக்கு மேல ரெண்டு விரல் விட்டு அறுங்கோ, அப்ப கணு கிட்ட இருந்து பிளக்க விடாது. பழைய ரீவி அன்ரனாவின்ர அலுமினியக் குழாய் சரியான அளவில கிடைக்கும், 12 சென்ரிமீற்றர் துண்டு, பாதி கீழ்த்தடியில அரால்டைட்டோட நிரந்தரமா ஒட்டி மற்றப் பாதிக்குள்ள மேல்த்தடி இறுக்கமாப் போய்வரோணும். எஸ்லோன் (பிவிசி) பைப்பிலயும் செய்யினம், ஆனால் அது பாரத்தில கொஞ்சம் வளையும், சின்ன மீனுக்குப் பரவாயில்லை. குழாய் முடியிற இடத்துக்கு மேலயும் கீழயும் நைலோன் நூலால நெருக்கமா ஒரு அங்குல நீளத்துக்குச் சுத்தோணும், இதை விட்டால் முதல் பெரிய மீனுக்கே தடி வாய் பிளக்கும். சுத்து தொடங்கேக்க நூல் முனையை தடியோட படுக்க வைச்சு அதுக்கு மேலால சுத்திக்கொண்டு வாங்கோ, முடிக்கிறதுக்கு எட்டுப் பத்து சுத்து முதல் வேற நூலால ஒரு கண்ணி வைச்சு அதுக்கு மேலயும் சுத்தி, மிச்ச முனையைக் கண்ணிக்குள்ள விட்டு இழுத்தால் முடிச்சே இல்லாமல் உள்ளுக்க புதைஞ்சிடும். மேல்த்தடி இறங்கிற இடத்துக்கு மெழுகுதிரி கொஞ்சம் தேய்ச்சு விடுங்கோ.

கேள்வி: மேல என்ன பூசலாம்?

படகுக்கு அடிக்கிற வார்ணிஷ் மெல்லிசா மூண்டு தரம், ஒவ்வொண்டுக்கும் இடையில ஒரு நாள் காயவிட்டு. எண்ணெய்தான் விருப்பம் எண்டால் ஆளி எண்ணெய், அது காத்துப்பட இறுகும், ஆனால் அந்த எண்ணெய் பிரண்ட துணியைச் சுருட்டிப் போடாதேங்கோ, தன்பாட்டில சூடேறி நெருப்புப் பிடிக்கும், விரிச்சுக் காயவிட்டுத்தான் எறியோணும். தேங்காயெண்ணெய் எப்பவும் இறுகாது, பிசுபிசுத்து பூஞ்சணம் பிடிக்கும், வேண்டாம். கைபிடிக்கிற இடத்துக்கு சைக்கிள் ரியூப்பை நாடா மாதிரி வெட்டி இழுத்துச் சுத்துங்கோ, ஈரக்கையில வழுக்காது.

கேள்வி: தங்கூசியை நுனியில கட்டினால் காணும்தானே?

காணாது. நுனியில மட்டும் கட்டினால் நுனி முறியிற அண்டைக்கு மீனும் போம், தங்கூசியும் போம், முள்ளு விழுங்கின மீன் அதை இழுத்துக்கொண்டு திரியும், அது பாவம். கைபிடிக்கு மேல முதல் ஒரு கட்டுக் கட்டி, அங்க இருந்து தடியோட லேசா சுத்திக் கொண்டுபோய், நடுவில ரெண்டு மூண்டு இடத்தில நூலால பிடிச்சு, நுனியில திருப்பி ஒரு கட்டு. இப்ப நுனி முறிஞ்சாலும் மீன் கையில இருக்கிற பாதியோட நிக்கும். நுனிக்கு வெளியில தொங்கிற நீளம் தடியை விட ஒரு சாண் குறைவா இருக்கட்டும், தடியை நிமித்திப் பிடிச்சால் முள்ளு நேரா மற்றக் கைக்கு வரும். கூட நீளம் விட்டால் மீனைக் கைக்கு எடுக்கேலாமல் பின்னால நடக்கோணும், பாலத்தில அது ஆபத்து.

கடல்நீரேரிக்கு 0.25 தொடக்கம் 0.30 மில்லிமீற்றர் தங்கூசி. தடி முறியிறதுக்கு முதல் தங்கூசி அறோணும், அதால மொத்தமா வாங்காதேங்கோ. முள்ளுக் கட்ட, கண்ணுக்குள்ளால விட்டு அஞ்சு தரம் முறுக்கி, முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில வந்த வளையத்துக்குள்ள விட்டு, எச்சில் தொட்டு ஈரமாக்கி ஆறுதலா இறுக்குங்கோ, காய்ஞ்சபடி இழுத்தால் சூட்டில தங்கூசி பலம் குறையும்.

கேள்வி: மிதப்பு, ஈயம், முள்ளு எல்லாம் என்ன அளவு?

மிதப்புக்கு ரெஜிபோம் (பெட்டிக்குள்ள வைக்கிற வெள்ளை நுரை) துண்டு நெல்லிக்காய் அளவு, மயிலிறகுத் தண்டு கிடைச்சால் இன்னும் நல்லம். ஈயம் மிதப்பை முக்கால்வாசி தாழ்த்திற அளவு மட்டும், மீன் தொட்டோண்ண மிதப்பு போகோணும். முள்ளுக்கு 8, 10 நம்பர், நம்பர் கூடக்கூட முள்ளு சின்னன் எண்டதை கடையில ஞாபகம் வையுங்கோ.

கேள்வி: இதுக்கு ரீல் பூட்டலாமோ?

பூட்டலாம், வளையங்கள் கட்டி சின்ன ரீல் ஒண்டு வைக்கிற ஆக்கள் இருக்கினம். ஆனால் எனக்கு அது விருப்பமில்லை, தடியின்ர நிறை கூடும், வளையம் கட்டின ஒவ்வொரு இடத்திலயும் ஈரம் தங்கும், தடியே செய்யிற வேலையை ரீல் எடுத்துக்கொள்ளும். தெற்குக் கரையில கொக்கலை, வெலிகமைப் பக்கம் கடலுக்குள்ள கம்பு நட்டு அதில இருந்து மீன் பிடிக்கிறவையைப் படத்தில பாத்திருப்பியள், அவையிட்ட ரீலும் இல்லை முள்ளில இரையும் இல்லை, தடியும் கையும்தான்.

கேள்வி: எங்க போடுறது, என்ன மீன் படும்?

பண்ணை, நாவற்குழி, அராலி, பொன்னாலை, சங்குப்பிட்டி எண்டு பாலமும் அணையும் இருக்கிற இடமெல்லாம் தண்ணி இழுத்து ஓடுற வாய் இருக்கும், அதுக்குப் பக்கத்தில நீரோட்டம் அமருற மூலைதான் இடம். வாகனம் ஓடுற பாலத்துக்கு மேல நிண்டு தடியைப் பின்னால விசுக்காதேங்கோ, மோட்டார் சைக்கிளில வாறவனுக்குத் தங்கூசி தெரியாது. மணல்த் தரையில கிளக்கன், அதுக்கு இறால்த் துண்டு. ஒட்டி, மணலை எண்ட மீனுகள் பாசி மேயிறது, அதுக்குப் பாண் பிசைஞ்சு உருண்டை, கோதுமை மா கொஞ்சம் சேர்த்தால் முள்ளில நிக்கும். இருட்டினால் கெளிறு. விடியப்புறமும் பொழுதுபடேக்கையும் நல்லம், தண்ணி ஏறத் தொடங்கிற நேரம் அதோட சேர்ந்து வந்தால் இன்னும் நல்லம். காத்து முதுகுப் பக்கம் இருக்கிற கரையைத் தெரியுங்கோ, சோளகத்துக்கு ஒரு கரை, வாடைக்கு மற்றக் கரை.

நல்லதண்ணி மீனுக்கு வன்னிக் குளங்கள், இரணைமடுப் பக்கம் திலாப்பியா மண்புழுவுக்கும் பாண் உருண்டைக்கும் வரும். அது 1952 இல இலங்கைக்குக் கொண்டு வந்து விட்ட மீன், இப்ப எல்லாக் குளத்திலயும் இருக்கு, புதுசா பழகிறவைக்கு அதைவிட நல்ல மீன் இல்லை. ஆனால் அந்தக் குளங்களில முதலையும் இருக்கு, தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு போடாதேங்கோ.

கேள்வி: கெளிறு, ஒட்டி முள்ளுக் குத்தினால்?

ரெண்டுக்கும் முள்ளில நஞ்சு. கெளிறுக்கு முதுகில ஒண்டும் ரெண்டு பக்கச் சிறகிலயும் ஒவ்வொண்டும், ஒட்டிக்கு முதுகு முழுக்கவும் வயித்துப் பக்கமும். குத்தினால் தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணியில அந்த இடத்தை அரை மணித்தியாலத்துக்கு மேல அமத்தி வையுங்கோ, இந்த நஞ்சு சூட்டில பலமிழக்கும், நோ குறையும். 45 பாகைக்கு மேல வேண்டாம், நோவில சூடு தெரியாமல் தோல் வெந்திடும், குத்துப்படாத கையை விட்டுப் பாத்துட்டு வையுங்கோ. முள்ளு உள்ளுக்க முறிஞ்சால், வீக்கம் ஏறினால், மூச்சு முட்டினால் உடன ஆஸ்பத்திரி, ஏற்பு (ரெற்றனஸ்) ஊசியும் தேவைப்படும். பேத்தை (உடம்பை ஊதிப் பெருக்கிற மீன்) பட்டால் கழட்டித் தண்ணியில விடுங்கோ, அதின்ர நஞ்சு எவ்வளவு அவிச்சாலும் போகாது, ஆளைக் கொல்லும். நாய் பூனைக்கும் எறியாதேங்கோ.

கேள்வி: மூங்கிலில கரண்ட் பாயாதுதானே?

நனைஞ்ச மூங்கிலில பாயும், உப்புத்தண்ணியில ஊறின தங்கூசியும் அப்பிடித்தான். வயர் போற இடத்துக்குக் கீழ தடியை நிமித்தவே கூடாது, மாங்காய்க்குக் கொக்கத்தடி தூக்கேக்க பாக்கிற மாதிரி மேல பாத்திட்டுத்தான் தூக்கோணும். இடி மின்னல் எண்டால் தடியைப் படுக்க வைச்சிட்டுக் கரையை விட்டு வாங்கோ.

கேள்வி: சின்னப்பிள்ளைக்கு எந்த அளவு செய்யலாம்?

6, 7 அடி, ஒரே துண்டு, இணைப்பு இல்லாமல். முள்ளு முனையில எதிர்ப்பக்கம் பாத்து நிக்கிற சின்னக் கொளுக்கியை குறட்டால அமத்தி விடுங்கோ, கையில ஏறினாலும் லேசா எடுக்கலாம், மீனையும் நோகாமல் திருப்பி விடலாம். நுனி கட்டுற வேலை பெரியாக்கள் செய்தாலும் ரெஜிபோம் மிதப்பை அதுகளே செய்து நிறம் அடிக்கட்டும்.

கேள்வி: வெளிநாட்டில மூங்கில் ரொட் சரியான விலையாமே, அதுவும் இதுவும் ஒண்டோ?

அது வேற வேலை. அங்க மூங்கிலைப் பிளந்து ஆறு வரிச்சா எடுத்து, ஒவ்வொண்டையும் முக்கோணமாச் சீவி, ஆறையும் ஒட்டி ஒரு தடியாக்கிறது. 1840களில அமெரிக்காவில பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்ரன் ஊரில துப்பாக்கி செய்த சாமுவேல் பிலிப்பி ஆக்கள் தொடங்கின வேலை, பிறகு 1870களில ஹைரம் லெனார்ட் மெசின் வைச்சு வரிச்சு வெட்டத் தொடங்கினோண்ண பரவினது. மூங்கில் சீனாவின்ர குவாங்டொங் மாகாணத்தில வளருற டொன்கின் மூங்கில். 1950 இல அமெரிக்கா சீனச் சாமானைத் தடை செய்தோண்ண அந்த மூங்கில் வராமல் போய் பைபர் கிளாஸ் இடத்தைப் பிடிச்சிட்டுது. இப்பவும் கையால செய்யிற ஆக்கள் இருக்கினம், ஒரு ரொட்டுக்கு எக்கச்சக்கமான மணித்தியாலம் போறதாலதான் அந்த விலை. நாங்கள் செய்யிறது முழுத்தடி, ஆனால் தோலில கைவைக்காதே எண்ட சட்டம் ரெண்டுக்கும் ஒண்டுதான்.

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவில இருக்கிறம், இஞ்ச செய்யலாமோ?

செய்யலாம். தோட்டச் சாமான் கடையில செடிக்கு ஊண்டுகோலா விக்கிற மூங்கில் கனக்க மேல சொன்ன அதே டொன்கின்தான், காய்ஞ்சே வரும், நேரா, வெடிப்பு இல்லாததாப் பாத்து எடுங்கோ, ரெண்டை இணைச்சால் 12 அடி. ஒன்ராறியோவில 18 இல இருந்து 64 வயது வரைக்கும் மீன்பிடி லைசன்ஸ் வேணும், எந்த மீனுக்கு எந்த மாசம் எண்டதையும் பாத்திட்டுப் போங்கோ.

கேள்வி: தடி எவ்வளவு காலம் நிக்கும், முறிஞ்சால் எறியிறதோ?

வடிவாக் காய்ஞ்சு வார்ணிஷ் அடிச்ச தடி பல வருசம் நிக்கும். ஒவ்வொரு தரமும் வீட்டுக்கு வந்தோண்ண கிணத்துத் தண்ணியால கழுவி, துடைச்சு, இணைப்பைக் கழட்டி, தொங்க விடுங்கோ. மூலையில சாத்தி வைச்சால் வளையும், நிலத்தில கிடந்தால் கறையான். மாரிக்கு முதல் ஒருக்கா லேசாத் தேய்ச்சு இன்னொரு வார்ணிஷ்.

நீளத்துக்கு வெடிப்பு வந்தால் அது முறிவு இல்லை, வெடிப்புக்குள்ள அரால்டைட் விட்டு இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டு, மேல நூல் சுத்தினால் திருப்பி வேலை செய்யும். குறுக்கால முறிஞ்சது நுனிப்பக்கம் எண்டால் புது நுனி போடுங்கோ. நடுவில எண்டால் முறிஞ்ச இடத்தைச் சுத்தமா அறுத்துப்போட்டு அங்கயே குழாய் இணைப்பு வைக்கலாம், கொஞ்சம் கட்டையாகும், பிள்ளைக்குக் குடுக்கலாம். அடிப்பக்கம் கைபிடிக்குக் கிட்ட முறிஞ்சதை மட்டும் ஒட்ட வேண்டாம், முழுப் பாரமும் அங்கதான் வரும். அதின்ர நுனியைக் கழட்டி வைச்சுக்கொண்டு தொங்கிற அடுத்த தடியை எடுங்கோ.